பந்து அப்புறம் இருக்கட்டும், முதலில் ஒழுங்காக உட்கார வையுங்கள்

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகிறவர்கள், ஆப்பிள், ஹார்லிக்ஸோடு ஒரு யோசனையையும் தவறாமல் கொண்டு போகிறார்கள். "ஒரு பந்து வாங்கிக் கையில குடுங்க. அமுக்கிக்கிட்டே இருந்தா கை தானா வந்துரும்." அடுத்து வருகிறவர் புறா ரத்தம் தடவச் சொல்வார். அதற்கடுத்தவர் ஏதோ ஒரு எண்ணெயின் பேரைச் சொல்லி, எந்த ஊருக்கு எந்த பஸ் ஏறினால் அது கிடைக்கும் என்று வழியும் சொல்லிவிட்டுப் போவார். எல்லாமே பாசத்தில் சொல்வதுதான்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? இத்தனை பேர் வந்து போகும் அந்த வீட்டில், நோயாளி எப்படிப் படுத்திருக்கிறார், எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. அவர் ஈஸிசேரில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடப்பார். விழுந்த கை சேருக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். தலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். பந்து மட்டும் புத்தம் புதிதாக மேஜை மேல் இருக்கும்.

பிசியோதெரபி படிக்கிற எனக்கு இந்தப் பந்தின் மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை. ஆனால் நான் சொல்ல வருவது இதுதான்: கை திரும்புவதற்கான வேலை உள்ளங்கையில் தொடங்குவதில்லை. முதுகிலும் இடுப்பிலும் தோளிலும் தொடங்குகிறது. உடம்பை எப்படி வைக்கிறோம் என்பது பைசா செலவில்லாத விஷயம். அதைத்தான் நாம் யாருக்கும் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. இந்த "நாம்" என்பதில் டாக்டர், நர்ஸ், பிசியோ, நாளைக்கு பிசியோ ஆகப்போகிற என் வகுப்புத் தோழர்கள் எல்லோரும் அடக்கம்.

சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள். இரண்டு சின்னச் சோதனைகள். இருந்த இடத்திலேயே செய்யலாம்.

முதல் சோதனை. நன்றாகக் கூன் போட்டு உட்காருங்கள் (கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் இருப்பீர்கள்). அந்தக் கூனை விடாமல் வலது கையை முன்பக்கமாக மேலே தூக்குங்கள். ஓரளவுக்கு மேல் போகாது, தோளில் இடிக்கும். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி தூக்குங்கள். காதோரம் வரை போகிறதா? கை அதேதான். மூளையும் அதேதான். மாறியது முதுகு மட்டும்.

இரண்டாவது. மணிக்கட்டை உள்பக்கமாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு மடக்குங்கள். அப்படியே இறுக்கி முஷ்டி பிடியுங்கள். பிடி தளர்ந்து, விரல் முழுசாக மடங்காமல் நிற்கும். இப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்துப் பிடியுங்கள். எவ்வளவு வித்தியாசம்!

நரம்பில் எந்தக் கோளாறும் இல்லாத நமக்கே, உடம்பு இருக்கும் நிலை கையின் வேலையை இவ்வளவு மாற்றுகிறது. மூளையிலிருந்து வரும் உத்தரவில் பாதிக்கு மேல் வழியிலேயே காணாமல் போகும் ஒருவருக்கு எப்படி இருக்கும்? மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்ச சக்தியையும் மோசமான நிலையில் வைத்து வீணாக்குகிறோம்.

இதன் பின்னால் இருக்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பாடம் நடத்தவில்லை, பயப்பட வேண்டாம்.

கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது எல்லா அசைவும் தோள் மூட்டில் நடப்பதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, முதுகில் இருக்கும் தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருகிறது. இன்மன் குழுவினர் 1944லேயே எழுதி வைத்த கணக்கு இது. அந்தத் தோள்பட்டை எலும்பு விலா எலும்புகளின் மேல் சறுக்கிக்கொண்டு போகிறது. முதுகு கூனினால், உடம்பு ஒரு பக்கம் சரிந்தால், அது சறுக்க வேண்டிய தளமே கோணலாகிவிடுகிறது. அப்புறம் எங்கே கையைத் தூக்குவது?

இன்னொரு விஷயம். 1967ல் மாஸ்கோவில் பெலென்கி, குர்ஃபிங்கல், பால்ட்ஸெவ் என்ற மூவர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நின்றுகொண்டிருக்கும் ஒருவரைக் கையைத் தூக்கச் சொன்னால், கையின் தசை வேலை தொடங்குவதற்கு ஒரு கணம் முன்பே காலின் தசைகளும் உடம்பின் தசைகளும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. கை முன்னால் போனால் உடம்பு தள்ளாடும் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் முதலில் அஸ்திவாரம், அப்புறம்தான் மாடி. பக்கவாதத்தில் இந்த முன்னேற்பாடும் கெடுகிறது. உட்கார்ந்திருப்பதே ஒரு போராட்டமாக இருக்கும் மனிதரிடம் "கையை நீட்டுங்க" என்றால், அவர் விழாமல் இருப்பதைப் பார்ப்பாரா, கையைப் பார்ப்பாரா?

அடுத்து, நோயாளியின் வீட்டார் எல்லோரும் பார்த்திருக்கும் காட்சி. அவர் கையை மேலே தூக்க முயல்வார். தோள் காதுப் பக்கம் ஏறும், முழங்கை மடங்கும், மணிக்கட்டு கீழே விழும், விரல்கள் தானாக மூடிக்கொள்ளும். எல்லாம் ஒரே மூட்டையாக நடக்கும். இதற்கு சினர்ஜி என்று பெயர். 1951ல் ட்விட்செல் என்பவர் பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, கை திரும்பும்போது பெரும்பாலும் தோள் பக்கம் முதலில் அசைவதையும், விரல் கடைசியில் வருவதையும், முதலில் வரும் அசைவு இப்படி மொத்தமாக மடங்குவதாகவே இருப்பதையும் பதிவு செய்தார். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த சிக்னே ப்ருன்ஸ்ட்ரோம் இதை ஆறு படிகளாகப் பிரித்தார். வைவாவில் இந்த ஆறு படிகளை ஒப்பிக்காமல் யாரும் தப்பியதில்லை.

ஆனால் வைவாவில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. இந்த மூட்டை எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது? சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூல்ஸ் டெவால்ட் குழு 1990களிலிருந்து இதைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. அவர்கள் கண்டது: நோயாளி தன் கையின் பாரத்தைத் தானே தோளிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தால், முழங்கையை நீட்டும் திறன் குறைகிறது. 2017ல் வெளியிட்டதில், விரல்களைத் திறக்கும் திறனும் குறைகிறது என்று காட்டினார்கள். பாரத்தைக் கீழேயிருந்து தாங்கிக் கொடுத்தால், அதே கை கூடுதல் தூரம் போகிறது.

இதை மறுபடி ஒரு முறை படியுங்கள். கையைத் தாங்கி வைத்தால் விரல் திறக்கும் வாய்ப்பு கூடுகிறது. மேஜை மேல் முன்கையை வைப்பதும், மடியில் தலையணை வைத்து அதன் மேல் கையை வைப்பதும் வெறும் சொகுசு இல்லை. விரலுக்குச் செய்யும் உதவி அது.

இப்போது பந்துக்கு வருவோம். பந்தை அமுக்குவது மூடும் வேலை. பெரும்பாலான நோயாளிகளுக்குச் சில வாரங்களில் மூடுவது ஓரளவு வந்துவிடுகிறது. சிலருக்கு வேண்டாத அளவுக்கே வந்துவிடுகிறது. வராமல் இருப்பது திறப்பது. டம்ளரைப் பிடிப்பதற்கு முன்னால் கை திறக்க வேண்டுமே? பந்தை அமுக்கினால் இறுக்கம் அதிகமாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். வலுப்பயிற்சியால் இறுக்கம் கூடுவதில்லை என்பதுதான் ஆய்வுகள் சொல்வது. அதனால் பந்து ஒரு வில்லன் இல்லை. பசிக்கிறது என்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது மாதிரி, தேவையில்லாத இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

கூன் போட்டு, சரிந்து உட்கார்ந்து, தோளைக் காது வரை ஏற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பந்தை அமுக்குகிறாரே, அதுதான் எனக்குப் பிரச்னை. எந்த மூட்டையைப் பிரிக்க வேண்டுமோ அதையே நாள் முழுக்கப் பயிற்சி செய்கிறார்.

இதைவிடப் பெரிய ஆபத்து முதல் சில வாரங்களில் இருக்கிறது. அப்போது கை பெரும்பாலும் துவண்டு கிடக்கும். நம் தோள் மூட்டு ஆழமான கிண்ணம் இல்லை, தட்டையான ஒரு சாஸர். அதில் பந்து மாதிரி மேற்கை எலும்பின் தலை நிற்கிறது. சுற்றியிருக்கும் தசைகள்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒரு கையின் எடை உடம்பு எடையில் ஏறக்குறைய 5 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. தசை துவண்டிருக்கும்போது அந்த 3 கிலோ நாள் முழுக்கத் தொங்கினால் எலும்பு கீழே இறங்குகிறது. தோளுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் பள்ளம் தெரியும். அதன் மேல் நாம் வேறு, "எந்திரிங்கப்பா" என்று அந்தக் கையைப் பிடித்தே இழுத்துத் தூக்குகிறோம்.

தோளில் வலி வந்துவிட்டால் கதை அத்தோடு மாறிவிடும். வலிக்கிற கையை யார் பயன்படுத்துவார்கள்? தூக்கம் போகும், பயிற்சி போகும், பிசியோ வந்தாலே முகம் சுளிக்கும். பயன்படுத்தாத கை மேலும் பின்தங்கும். எட்வர்ட் டாப் "கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை" என்று ஒன்றைச் சொன்னார். கை கொஞ்சம் வேலை செய்யக்கூடிய நிலையில் இருந்தாலும், அது உதவாது என்று மூளை கற்றுக்கொண்டு விட்டுவிடுகிறது. அவருடைய முறையை, அதாவது நல்ல கையைக் கட்டுப்படுத்தி, விழுந்த கையை வேலை வாங்குவதை, 222 பேரிடம் சோதித்து 2006ல் வெளியிட்ட எக்ஸைட் ஆய்வு பலன் இருப்பதாகக் காட்டியது. ஆனால் அந்த முறைக்குள் நுழையவே விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது விரிய வேண்டும். வலியில்லாத தோளும் வேண்டும். முதல் மாதத்தில் தோளைக் கெடுத்துக்கொண்டவருக்கு அந்தக் கதவு திறப்பது கஷ்டம்.

பல இடங்களில் சுவரில் ஒரு கப்பியும் கயிறும் மாட்டியிருப்பார்கள். நல்ல கையால் இழுத்தால் விழுந்த கை மேலே போகும். பார்க்க நல்ல உடற்பயிற்சி மாதிரி தெரியும். தோள்பட்டை எலும்பு கூடவே சுழலாமல் கையை மட்டும் மேலே இழுத்தால் தோளுக்குள் இடிக்கும். பக்கவாதத் தோளுக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று 2016ல் வந்த அமெரிக்க வழிகாட்டி நெறிமுறையே தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் கப்பி சுவரை விட்டு இறங்கியபாடில்லை.

"ஒரு மணி நேரம் பிசியோ வந்து செய்கிறாரே, அது போதாதா?" என்று ஒரு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. கணக்குப் போடுங்கள். ஒரு மணி நேரம் போக மிச்சம் 23 மணி நேரம். 2004ல் ஜூலி பெர்ன்ஹார்ட் குழு மெல்போர்ன் ஆஸ்பத்திரிகளில் பக்கவாத நோயாளிகளைப் பகல் நேரத்தில் கவனித்து எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்ட நேரம் படுக்கை. 28 சதவீத நேரம் வெறுமனே உட்கார்ந்திருப்பது. உருப்படியான அசைவுகளுக்குப் போனது 13 சதவீதம்தான். 60 சதவீதத்துக்கும் மேல் தனிமை. ஆஸ்திரேலியாவிலேயே இப்படி. அந்த ஒரு மணி நேரத்திலாவது என்ன நடக்கிறது? 2009ல் கேத்தரின் லேங் குழு எண்ணிப் பார்த்ததில், கைக்கான பயிற்சி நடந்த அமர்வுகளில், வேலை சார்ந்த கை அசைவுகள் சராசரியாக 32 முறைதான் நடந்தன. விலங்குகளில் மூளை மாற்றம் காட்டிய சோதனைகளில் இது ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில்.

ஆக, மிச்சமுள்ள 23 மணி நேரமும் உடம்பு எதையோ கற்றுக்கொண்டுதான் இருக்கிறது. சரிந்து கிடப்பதையா, நிமிர்ந்திருப்பதையா என்பது மட்டும்தான் கேள்வி.

சரி, என்ன செய்ய வேண்டும்? பொதுவாகச் சொல்லிக் கொடுப்பவை இவைதான். நம் வீடுகளுக்குத் தகுந்த மாதிரி எழுதுகிறேன்.

1. மல்லாந்து படுக்கும்போது: விழுந்த பக்கத் தோள்பட்டைக்கு அடியிலிருந்து கை முழுக்கத் தாங்கும்படி ஒரு தலையணை. தோள் பின்னால் விழக் கூடாது. கை உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி, முழங்கை நீண்டு, உள்ளங்கை திறந்து இருக்கட்டும். கட்டிலுக்கு வெளியே தொங்கவே கூடாது.

2. நல்ல பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போது: மார்புக்கு முன்னால் ஒரு பெரிய தலையணை, அதன் மேல் விழுந்த கை முன்னால் நீண்டிருக்க வேண்டும். மணிக்கட்டு தலையணை விளிம்பில் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. விழுந்த பக்கம் படுக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கலாம். தோளை மெதுவாக முன்னால் எடுத்து வைத்து, பாரம் தோள் முனையில் விழாமல் தோள்பட்டை எலும்பில் விழும்படி வைக்க வேண்டும். கையை இழுக்காதீர்கள், தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்து நகர்த்துங்கள். வலித்தால் உடனே மாற்றிவிடுங்கள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இது படுக்கைப்புண்ணுக்காகவும்தான்.

4. உட்காருவது: ஈஸிசேரை மாடிக்கு அனுப்புங்கள். நேரான முதுகுள்ள நாற்காலி, இடுப்பு பின்னால் ஒட்டி, பாரம் இரண்டு பக்கமும் சமமாக. இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். எட்டவில்லையென்றால் சாப்பிட உட்காரும் மணைப்பலகை ஒன்று போதும். முன்னால் மேஜை. மேஜை இல்லாத வீட்டில் தையல் மெஷின் பலகை, இஸ்திரி போடும் பெஞ்சு, ஒன்றும் இல்லையென்றால் மடியில் இரண்டு தலையணை. முன்கை முழுசாக அதன் மேல் இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியும்படி.

5. தூக்கும்போது: கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். ஒரு துண்டை இடுப்பில் சுற்றிக் கட்டி அதைப் பிடித்து, முன்னால் குனிய வைத்து எழுப்புங்கள். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில்.

6. கழுத்தில் மாட்டும் தூளி: நிற்கும்போதும் நடக்கும்போதும் பிசியோ சொன்னால் போடலாம். நாள் முழுக்க மாட்டியே வைத்தால் கை மடங்கி உடம்போடு ஒட்டியிருப்பதே பழக்கமாகும். எந்த நிலையிலிருந்து மீட்க நினைக்கிறோமோ அதே நிலை.

படுக்கையோடு விஷயம் முடிவதில்லை. பயிற்சி செய்யும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். தூரத்திலிருக்கும் டம்ளரை எடுக்கச் சொன்னால் நோயாளி முழங்கையை நீட்ட மாட்டார், மொத்த உடம்பையும் முன்னால் சாய்ப்பார். டம்ளர் கைக்கு வந்துவிடும். எல்லோரும் கைதட்டுவோம். ஆனால் முழங்கை ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. மைக்கேல்சன், மிண்டி லெவின் குழுவினர் 2001ல் நோயாளியின் உடம்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டு அதே வேலையைச் செய்யச் சொன்னார்கள். முழங்கை கூடுதலாக நீண்டது! அதாவது நீட்டும் திறன் உள்ளே இருந்தது, உடம்பு அதை மறைத்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த ஆய்வு இதுதான். ஒரு பெல்ட்டும் நாற்காலியும்தான் கருவி.

இப்போது எனக்கு எதிராக இருக்கும் சாட்சிகளையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானும் எண்ணெய் விற்பவர் மாதிரி ஆகிவிடுவேன்.

ஹெட்போஸ்ட் என்ற ஆய்வு, 2017. 11,093 நோயாளிகள். முதல் நாளில் தலையைத் தட்டையாக வைப்பதா, 30 டிகிரி தூக்கி வைப்பதா என்று பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து ஊனத்தின் அளவில் வித்தியாசமே இல்லை. தோளைத் தினமும் குறிப்பிட்ட நிலையில் வைக்கும் ஆய்வுகளிலும் முடிவுகள் கலவையாகத்தான் இருக்கின்றன. 2005ல் லூயிஸ் அடா குழு, தினமும் 30 நிமிடம் தோளை வெளிப்பக்கம் திருப்பி வைத்தால் இறுக்கம் குறைகிறது என்றது. பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பெரிய பலன் தெரியவில்லை. உடம்பின் நிலையை வைத்தே தசை இறுக்கத்தை வெல்லலாம் என்று 1940களிலிருந்து லண்டனில் கற்பித்த பெர்ட்டா பொபாத்தின் முறையும், மற்ற முறைகளைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை.

இன்னும் ஒன்று, நம் நாட்டிலேயே நடந்தது. அட்டெண்ட் ஆய்வு, 2017ல் வெளியானது. 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். குடும்பத்தினருக்கே மறுவாழ்வுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து வீட்டில் செய்ய வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் இரண்டு குழுவிலும் 47 சதவீதம். வித்தியாசம் பூஜ்யம்.

இதைப் படித்துவிட்டு "அப்புறம் என்ன தலையணைப் புராணம்?" என்று கேட்கலாம். என் பதில் இது. மூளையில் கைக்குப் போகும் பாதை எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதுதான் கையின் தலைவிதியைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 2010ல் நெதர்லாந்தில் வந்த ஒரு ஆய்வில், முதல் 72 மணி நேரத்துக்குள் விரலைக் கொஞ்சம் விரிக்கவும் தோளைக் கொஞ்சம் விலக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கை ஓரளவு பயன்படும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டும் முடியாதவர்களுக்கு 25 சதவீதம். அந்த விதியைத் தலையணை மாற்றாது. அட்டெண்ட் ஆய்வு சொல்வது, வீட்டாரைப் பயிற்சியாளராக்கிவிட்டு பிசியோவின் செலவை மிச்சம் பிடிக்க முடியாது என்பது. அதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆய்வு அளந்தது மரணத்தையும் சார்ந்திருப்பதையும். தோள் வலித்ததா, விரல் திறந்ததா என்பது அதன் முக்கியக் கேள்வி இல்லை.

நான் தலையணை மருந்து என்று சொல்லவில்லை. வரவேண்டிய கை வராமல் போவதற்கு நாம் காரணமாகிவிடக் கூடாது என்கிறேன். 98 சதவீதக் கூட்டத்தில் இருப்பவரின் தோளை இழுத்துக் கெடுத்து வைப்பது நம் கையில் இருக்கிறது. 25 சதவீதக் கூட்டத்தில் இருப்பவரின் அந்தச் சின்ன வாய்ப்பைக் காப்பாற்றுவதும் நம் கையில் இருக்கிறது. நெல் விதைப்பவர் வரப்பையும் கட்டுகிறார். வரப்பு விளைவதில்லை, ஆனால் வரப்பில்லாமல் தண்ணீர் நிற்பதில்லை.

கை என்பது நம் ஊரில் வெறும் கை மட்டும் இல்லை. கால் கொஞ்சம் வந்து, சுவரைப் பிடித்து நடந்துவிட்டால் வீடே கொண்டாடுகிறது. "நடந்துட்டாருப்பா, இனிமே கவலையில்ல." கை அத்தோடு மறந்துபோகும். ஆனால் வலது கை விழுந்தவர் இடது கையால் சாப்பிட வேண்டும். எந்தக் கையால் கழுவுகிறோமோ அந்தக் கையால். பிள்ளைகள் ஸ்பூன் வாங்கித் தருவார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் பந்தியில் உட்கார மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் "பசிக்கல" என்பார். வார்டிலும் வீடுகளிலும் இப்படி எத்தனையோ பெரியவர்கள். அவர்கள் கேட்பது கிரிக்கெட் விளையாடும் கையை இல்லை. சோற்றைப் பிசைந்து வாய்வரை கொண்டு போகும் கையை. அந்த அசைவை ஒரு தடவை பாருங்கள்: முதுகு நிமிர வேண்டும், தோள் ஏறாமல் நிற்க வேண்டும், முழங்கை நீண்டு மடங்க வேண்டும், மணிக்கட்டு தூக்க வேண்டும், விரல் திறந்து மூட வேண்டும். இதில் பந்துக்கு வேலை கடைசி வரியில்தான்.

அதனால் என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் மாத்திரைச் சீட்டைக் கொடுத்து "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று விளக்குகிறோமே, அதே மாதிரி பத்து நிமிடம் ஒதுக்கி, எப்படிப் படுக்க வைப்பது, எப்படி உட்கார வைப்பது, எப்படித் தூக்குவது என்று செய்து காட்ட வேண்டும். வாயால் சொன்னால் போதாது. வீட்டுக்கு யார் கூடவே இருக்கப் போகிறாரோ (பெரும்பாலும் மனைவியோ மருமகளோ) அவர் கையால் செய்ய வைத்துப் பார்க்க வேண்டும். தமிழில், படம் போட்ட ஒரே ஒரு தாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோக்கள் வீட்டுக்கே போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அவர்கள் போய்ச் சேருவதற்கு முன்பே பல வீடுகளில் தோள் இறங்கிவிடக் கூடாது அல்லவா?

வகுப்புத் தோழர்களுக்கு ஒன்று. அடுத்த தடவை வார்டுக்குப் போகும்போது கையை அசைத்துப் பார்ப்பதற்கு முன்னால் கட்டிலின் கால்மாட்டில் ஒரு நிமிடம் நின்று, ஆளை முழுசாகப் பாருங்கள். தலை எங்கே, இடுப்பு எங்கே, தோள் எங்கே, கை எங்கே. கோணலாக இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுப் பயிற்சியைத் தொடங்குங்கள். மார்க் எதுவும் கிடைக்காது.

மற்றவர்களுக்கு: அடுத்த தடவை அப்படி ஒரு வீட்டுக்குப் போகும்போது ஆப்பிள் வாங்கிப் போங்கள், தப்பில்லை. பந்துக்குப் பதிலாக ஒரு நல்ல இலவம்பஞ்சுத் தலையணை வாங்கிப் போங்கள்.

டிஸ்கி: இது பொதுவான கருத்து, வைத்தியம் இல்லை. ஒவ்வொருவருக்கும் பாதிப்பு வேறு. ஏற்கெனவே தோள் வலி இருந்தாலோ, கை வீங்கியிருந்தாலோ, உங்கள் டாக்டரையும் பிசியோவையும் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். முகம் கோணுவது, கை விழுவது, பேச்சு குழறுவது புதிதாகத் தெரிந்தால் தலையணையைத் தேடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.